பெயர் ஒன்று, பலம் வேறு

கல்லூரி செல்லும் மகனுக்காகச் சேமிப்பைக் கரைத்து கேமிங் லேப்டாப் வாங்க டெல்லி நேரு பிளேஸுக்கு வரும் பெற்றோருக்குக் கடைக்காரர் முதலில் சொல்வது கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரைத்தான். சிக்கலே அங்கேதான். 2025இல் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5070, மேஜைக் கம்ப்யூட்டரில் 12 ஜிபி நினைவகத்துடன் 250 வாட் மின்சாரத்தில் இயங்குவது. அதே பெயரில் லேப்டாப்புக்கு வந்ததில் 8 ஜிபிதான். மின்சாரமோ 50 முதல் 100 வாட் வரை. எவ்வளவு என்பது தயாரிப்பாளர் விருப்பம். வாட் குறைந்தால் வேகமும் குறையும்.

சாதாரண ராம் நினைவகத்தைப் பல லேப்டாப்களில் பிறகு கூட்டலாம். கிராஃபிக்ஸ் சிப்போ பெரும்பாலும் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டது, வாங்கியது வாங்கியதுதான். ஆகவே பில் போடும் முன் கேட்க வேண்டியது: "எத்தனை வாட்?" பதில் வராவிட்டால், பணம் பையிலேயே இருக்கட்டும்.