ரியூசன் காசு எங்களுடையது, சாதனை யாருடையது?

ஒன்ராறியோவில் ஒவ்வொரு கல்விச் சபையும் தனது 'மாணவர் அடைவுத் திட்டத்தை' இணையத்தில் வெளியிடுகிறது. 2023இல் கொண்டுவந்த சட்டத்தின் பின் வந்த ஏற்பாடு இது. எந்த அளவுக்கு முன்னேறினோம், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று பெற்றோருக்குக் காட்டும் கணக்கு. எங்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

ஈகியூஏஓ பரீட்சையில் எத்தனை வீதமான மாணவர்கள் மாகாணத் தரத்தை எட்டினார்கள், 10ஆம் வகுப்பு முடிவில் எத்தனை பேரிடம் 16 கிரெடிட் இருக்கிறது, ஐந்து வருடத்துக்குள் எத்தனை பேர் டிப்ளோமா எடுக்கிறார்கள், எல்லாமே அதில் உண்டு. மாகாணத் தரம் என்றால் 'பி' அளவு. 2023-24இல் 6ஆம் வகுப்புக் கணிதத்தில் அதை எட்டியவர்கள் மாகாணம் முழுவதும் 50 வீதம்தான்.

இதற்கு எங்கட சனத்திடம் இருக்கும் பதில் ஒன்றே: ரியூசன். பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற பயம் நியாயமானது. ஆனால் சனிக்கிழமை காசு கட்டிப் படித்து எடுத்த புள்ளியும் சபையின் வெற்றியாகத்தான் அறிக்கையில் ஏறுகிறது. எது வகுப்பறையில் படித்தது, எது வெளியில் படித்தது என்று அந்த வீதம் பிரித்துச் சொல்லாது. பள்ளிக்கூடத்தின் ஓட்டையை நாங்கள் எங்கள் காசால் அடைக்கிறோம். ஓட்டை வெளியே தெரிவதில்லை. ரியூசனுக்குக் கட்ட முடியாமல் இரண்டு வேலை செய்யும் தாயின் பிள்ளைதான் அந்த ஓட்டைக்குள் விழுகிறது. அதுவும் எங்கட பிள்ளைதான்.

2025 ஜூனில் ரொறொன்ரோ உட்படச் சில சபைகளை மாகாண அரசு மேற்பார்வையாளர்களிடம் ஒப்படைத்தது. அங்கெல்லாம் நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்த ட்ரஸ்டிகளின் அதிகாரம் போய்விட்டது. ஆனால் பள்ளிக் கவுன்சில் இன்னும் இருக்கிறது. ஈகியூஏஓ முடிவுகளை வைத்து முன்னேற்றத் திட்டம் போடும்போது அதிபர் கவுன்சிலின் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்பது மாகாண விதி. பள்ளி தொடங்கி முதல் 30 நாளுக்குள் அதற்கான தேர்தல் நடக்கும். எங்கள் கதிரைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன.

போய் இரண்டு கேள்வி கேளுங்கள். தரத்தை எட்டாத பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்குள் என்ன உதவி கிடைக்கிறது? போன வருடத் திட்டத்தில் சொன்னதில் எது நடந்தது? ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. வரி கட்டுகிறவர் கணக்குக் கேட்க இலக்கணம் தேவையில்லை.