வழக்கு இழுத்தடித்தால் யாரிடம் முறையிடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒரு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால், அதை மனித உரிமை மீறல் என்று முறையிட நம் நாட்டில் இதற்கெனத் தனியாக ஓர் இடமில்லை. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம் என்பார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விவகாரங்களை ஏற்பதில்லை என்பது ஆணையத்தின் விதி. வழக்கு முடியவில்லை என்பதுதான் புகாரே. அது முடியாத காரணத்தாலேயே புகாரும் தள்ளுபடி என்றால் என்ன நியாயம்?

விரைவான விசாரணை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று பீகார் கைதிகளுக்கான ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-லேயே சொல்லிவிட்டது. குற்றம் நிரூபணமானால் கிடைத்திருக்கும் தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே அடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்களில் பலர். இன்றும் நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே.

சிவில் வழக்குகளிலும் இதே கதிதான். எங்கள் பாகப்பிரிவினை வழக்கைப் போட்டவர் என் அப்பா. அவர் காலமாகி, வாரிசுகளைச் சேர்க்கும் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் டவாலி என் அப்பாவின் பெயரைத்தான் கூப்பிடுகிறார். அம்மா எழுந்து நிற்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, நீதிபதி மாற்றலாகிவிட்டார் என்று அடுத்த தேதி விழுகிறது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 2002 முதல் இருக்கிறது. ஆனால் தவிர்க்க முடியாத சூழலில் அதற்கு மேலும் தரலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-ல் தீர்ப்பு வந்தது. அந்த விதிவிலக்குதான் இப்போது வழக்கமாகிவிட்டது.

தாமதத்துக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் அடுக்கடுக்காகக் குட்டுப்பட்ட இத்தாலி, 2001-ல் 'பிண்டோ சட்டம்' கொண்டுவந்தது. முதல் நீதிமன்றத்தில் 3 ஆண்டு, மேல்முறையீட்டில் 2, உச்ச நிலையில் 1 என்ற வரம்பைத் தாண்டினால், பாதிக்கப்பட்டவர் அரசிடம் இழப்பீடு கேட்கலாம். தொகை சிறியதுதான். ஆனாலும் தாமதத்துக்கு அரசு பொறுப்பேற்கிறது.

நான் எந்த நீதிபதியையும் குறை சொல்லவில்லை. காலியிடங்களை நிரப்பாமல், கட்டுக்கட்டாக வழக்குகளை ஒருவர் தலையில் சுமத்துவது அரசுதான். இழப்பீட்டையும் அரசுதான் தரவேண்டும். இதற்கொரு சட்டம் கேட்டு நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும். தங்கள் இதழும் இதைத் தலையங்கத்தில் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தருமபுரி மாவட்டம்