குழந்தை வாய் திறக்கும் முன்னே நாம் கண் திறப்போம்

கூலி, ரேஷன், வாடகை, வாக்காளர் பட்டியல் என்று மாதந்தோறும் இந்தப் பக்கத்தில் பேசிவருகிறோம். இத்தனையும் யாருக்காக? நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக வாழவேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பிள்ளையின் உடம்புக்கே பாதுகாப்பில்லை என்றால், போராடி வாங்கிய கூலி உயர்வை எந்த முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோவது? குழந்தைகள் மீது நடக்கும் வன்கொடுமையைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சமாக இருக்கிறது. கொடுமை செய்பவனுக்கு அந்தக் கூச்சம்தான் பெரிய காவல். ஆகவே இந்த மாதம் அதை வெளிப்படையாகப் பேசுவோம்.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நம்மவர்கள் வாழும் வாழ்க்கை நமக்குத் தெரியும். விடியுமுன்னே அப்பனும் அம்மையும் செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ, ரோட்டு வேலைக்கோ போய்விடுகிறார்கள். லைன் வீட்டில் ஒரே அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. கக்கூஸ் வெளியே, ஐந்தாறு குடும்பத்துக்கும் பொது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை இருட்டும்வரை தனியாக இருக்கிறது, அல்லது பக்கத்து அறையில் இருப்பவரின் பொறுப்பில் இருக்கிறது. சொந்த ஊரானால் ஆச்சி இருப்பாள், அத்தை இருப்பாள். இங்கே அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அதில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று நாம் பார்க்கிறோமா?

இரண்டு சம்பவங்கள்

பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய வாளையாறை எல்லோரும் அறிவோம். அங்கே அட்டப்பள்ளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தலித் குடும்பம். 2017 ஜனவரி 13-ந் தேதி 13 வயது மூத்த பெண் வீட்டுக்குள் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தாள். அவள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சுட்டிக்காட்டியது. போலீஸ் அசையவில்லை. மார்ச் 4-ந் தேதி 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில் அதே போலக் கிடைத்தாள். அதற்குப் பிறகுதான் கைதுகள் நடந்தன. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் உறவினரும் அக்கம்பக்கத்தாரும். 2019-ல் கீழ்க் கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. 2021 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. 2025-ல் சி.பி.ஐ. பெற்றோர் மீதே குற்றம் சுமத்தியது. அவர்கள் அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கின் உண்மையைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். நம் மனதில் பதியவேண்டியது ஒரு கணக்கு. அக்காளின் சாவுக்கும் தங்கையின் சாவுக்கும் இடையில் 50 நாட்கள் இருந்தன. அந்த 50 நாட்களும் ஊர் இருந்தது, போலீஸ் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. அந்தச் சின்னப் பெண்ணைத்தான் காப்பாற்ற யாரும் இல்லை.

அடுத்தது ஆலுவா. 2023 ஜூலை 28-ந் தேதி, பீகாரிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியின் 5 வயதுப் பெண் குழந்தையை, அதே கட்டடத்தில் புதிதாக வந்து தங்கிய ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். அவனும் பிழைக்க வந்தவன்தான். ஆலுவா மார்க்கெட்டில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி அவனைக் குழந்தையோடு கண்டு விசாரித்திருக்கிறார். தன் குழந்தை என்று அவன் சொல்லியிருக்கிறான். மறுநாள் மார்க்கெட்டின் பின்புறத்தில் குழந்தையின் உடல் கிடைத்தது. அவன் மேல் ஏற்கெனவே 2018-ல் டில்லியில் இதே மாதிரி ஒரு வழக்கு இருந்தது பிறகு தெரியவந்தது. 2023 நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, எர்ணாகுளம் போக்சோ கோர்ட்டு அவனுக்கு மரண தண்டனை விதித்தது.

அந்தச் சுமைத் தொழிலாளியைக் குறை சொல்ல முடியாது. எத்தனையோ பேர் கண்டும் காணாமல் போகிற உலகத்தில் அவர் கேட்டார். அவரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டு இன்னும் ஒரு அடி முன்னே போகவேண்டும். சந்தேகம் வந்தால் பெரியவனைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். குனிந்து குழந்தையைக் கேளுங்கள். "பேரு என்ன மக்களே? இது யாரு உனக்கு? அம்மை எங்கே?" குழந்தை பயந்து நின்றாலோ பதில் பொருந்தாவிட்டாலோ, அங்கேயே பேச்சுக் கொடுத்து நிறுத்திவைத்துக்கொண்டு 112-க்குப் போன் செய்யுங்கள். ரயிலிலும் ஸ்டேஷனிலும் என்றால் 139.

நம் மானமும் பிள்ளையின் உடம்பும்

கொடுமை செய்பவன் அந்நியன், மீசை முறுக்கியவன், இருட்டில் வருபவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேசியக் குற்றப் பதிவு அலுவலகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல் குழந்தைக்குத் தெரிந்தவன் செய்தவை. மத்திய அரசு 2007-ல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பையன்கள் பெண்களைவிடச் சற்று அதிகம். "ஆம்பளப் பிள்ளைதானே" என்று அலட்சியமாக இருக்கும் தாய் தகப்பன்மார் இதைக் கவனிக்கவேண்டும்.

தெரிந்தவன் என்றால் யார்? மிட்டாய் வாங்கித் தரும் மாமா. முன்பணம் கொடுத்த மேஸ்திரி. வாடகைக்கு ஒரு மாதம் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரர். டியூஷன் சொல்லித் தரும் அண்ணன். சில வீடுகளில் சித்தப்பன், சில வீடுகளில் பெற்ற தகப்பன். இவர்கள் எல்லோருமே கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கெடுதல் செய்ய நினைப்பவன் இந்த வேஷத்தில் வருவான் என்பதுதான் அனுபவம். அவனிடம் நமக்குக் கடன் இருக்கும், வேலை இருக்கும், உறவு இருக்கும். அதனால் பிள்ளை சொன்னாலும் நம் காது அடைத்துக்கொள்கிறது.

இதோடு எல்லையில் வாழும் நமக்கென்று தனியாக ஒரு பயமும் உண்டு. "பாண்டிக்காரர்கள் இப்படித்தான்" என்று நாட்டுக்காரர் பேசுவார்களே என்ற பயம். ஆலுவாவுக்குப் பிறகு அயல் மாநிலத் தொழிலாளிகள் எல்லோரையும் சந்தேகப்படும் பேச்சு கேரளம் முழுவதும் எழுந்தது. பறிகொடுத்த குடும்பமும் அயல் மாநிலத் தொழிலாளிக் குடும்பம்தான் என்பது அப்படிப் பேசியவர்களுக்கு மறந்துபோயிற்று. ஒருவன் செய்த குற்றத்தை ஒரு இனத்தின் தலையில் கட்டுவதை இந்தச் சங்கம் என்றைக்கும் எதிர்க்கும். ஆனால் அந்த அவமானத்துக்குப் பயந்து நம்மவன் செய்த கொடுமையை நாமே மூடி மறைத்தால், நம் மானத்தின் விலையை ஒரு சின்னக் குழந்தை கட்டுகிறது. அந்த மானம் நமக்கு வேண்டாம்.

எப்படி அறிவது?

குழந்தை வாயால் சொல்வதற்கு முன்பு உடம்பால் சொல்கிறது. படுக்கை நனைப்பதை நிறுத்திய பிள்ளை திரும்பவும் நனைக்கிறது. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போகச் சொன்னால் அழுகிறது. ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் அம்மையின் சேலைக்குள் ஒளிகிறது. மூத்திரம் போகும்போதும் உட்காரும்போதும் வலி என்கிறது. உள்ளாடையில் கறை. அடிக்கடி காரணமில்லாத வயிற்றுவலி. நன்றாகப் படித்த பிள்ளை பின்தங்குகிறது. வயதுக்கு மீறிய பேச்சும் விளையாட்டும் வருகிறது. யார் கொடுத்தார் என்று சொல்லாத காசும் போனும் கையில் இருக்கிறது. வளர்ந்த பிள்ளை தன்னைத்தானே கீறிக்கொள்கிறது. உடம்பில் பெல்ட் தடமும் சூட்டுத் தழும்பும் கண்டாலும் இதே கவனம் வேண்டும். கண்டிக்கிறேன் என்ற பெயரில் நடக்கும் சித்திரவதையும் குற்றமே.

இவற்றில் ஒன்று தென்பட்டதும் யாரையும் குற்றவாளி என்று முடிவு கட்டக்கூடாது. வயிற்றுவலி வெறும் வயிற்றுவலியாகவும் இருக்கலாம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்க அது ஒரு காரணம், அவ்வளவே.

பிள்ளை சொல்லிவிட்டால்

முதலில் கேளுங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்ற ஒரு வார்த்தை போதும், பிள்ளை ஆயுளுக்கும் வாயை மூடிக்கொள்ளும். "நீ சொன்னது நல்லது. உன் மேலே தப்பில்லை" என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் கூப்பிட்டு வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். நடந்து அதிக நேரம் ஆகவில்லை என்றால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். துணியைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாறசாலையில் தாலுகா ஆஸ்பத்திரியும் நெய்யாற்றின்கரையில் ஜெனரல் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. போலீஸ் கேஸ் போட்ட பிறகுதான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாது. சிகிச்சை இலவசம். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும்.

1098 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள், காசு கிடையாது. 2012-ல் வந்த போக்சோ சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 18 வயது நிறையாத பையனையும் பெண்ணையும் அது ஒன்றாகவே காக்கிறது. போலீஸ் குழந்தையின் வீட்டுக்கோ குழந்தை விரும்பும் இடத்துக்கோ வந்து, யூனிபார்ம் இல்லாமல் வாக்குமூலம் எடுக்கவேண்டும். குழந்தைக்கு மலையாளம் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தரவேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் தெரியாத எஸ்.ஐ. எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. குழந்தையின் பெயரையும் படத்தையும் யாரும் வெளியிடக்கூடாது. நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இது பொருந்தும்.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. ஆகவே "பேசி முடித்துவிடலாம்" என்று மேஸ்திரியோ ஊர்ப் பெரியவரோ பணத்தோடு வந்தால், அந்தப் பேச்சில் உட்காருகிறவரும் குற்றத்துக்குத் துணை போகிறார். கெடுத்தவனுக்கே பெண்ணைக் கட்டிவைப்பது சமாதானம் ஆகாது. அது இரண்டாவது கொடுமை.

எல்லையில் இன்னொரு தொல்லை உண்டு. "சம்பவம் களியக்காவிளை பக்கம் நடந்தது, அங்கே போ" என்று இங்கே சொல்வார்கள். "நீங்கள் கேரளத்தில் அல்லவா இருக்கிறீர்கள்" என்று அங்கே சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்தாகவேண்டும். மறுத்தால் அந்த இடத்திலிருந்தே 1098-ஐக் கூப்பிடுங்கள், சங்கத்துக்கும் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாள் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று வதந்தி கிளம்பி, கூட்டம் அவரை அடித்தே கொன்றது. சந்தேகத்தை உரிய இடத்தில் சொல்வது நம் கடமை. கம்பெடுத்து அடிப்பது நம் வேலையல்ல. அடி விழுந்தால் நிரபராதி சாகலாம்; குற்றவாளியானால் வழக்கு கெட்டுத் தப்பலாம்.

நாம் செய்யவேண்டியது

எச்சரிக்கையாக இரு என்று தாய்க்கு மட்டும் உபதேசம் செய்வது எளிது. பத்து மணி நேரம் செங்கல் சுமக்கும் தாய் எந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள்? இது கூடிச் செய்யவேண்டிய வேலை. ஒவ்வொரு லைனிலும் குடும்பங்கள் பேசி, தினம் ஒரு பெண் வேலைக்குப் போகாமல் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைய அவள் கூலியை மற்றவர்கள் பங்கிட்டுக் கொடுக்கட்டும். அங்கன்வாடியில் நம் சின்னக் குழந்தைகளைச் சேர்க்கவேண்டும். இடமில்லை என்றால் வார்டு மெம்பரை விடக்கூடாது. பொதுக் கக்கூஸுக்கு விளக்கும் உள்தாழ்ப்பாளும் வேண்டும் என்று வீட்டுக்காரரிடமும் பஞ்சாயத்திடமும் கேட்போம். தம்பி தங்கையைப் பார்க்கவென்று மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதை இன்றோடு விடுவோம்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். உன் உடம்பு உனக்கு. உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக்கூடாது. சுத்தம் செய்யும் அம்மையும், அம்மை கூட இருக்கும்போது டாக்டரும் தவிர. "அம்மையிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை முதலில் அம்மையிடம் சொல். பிடிக்காவிட்டால் கத்து, ஓடு, வந்து சொல். அம்மை இல்லாவிட்டால் யாரிடம் சொல்வது என்று மூன்று பேரின் பெயரைப் பிள்ளைக்குப் பழக்கி வையுங்கள்.

இந்த மாதக் கிளைக் கூட்டங்களில் கூலிக் கணக்குக்கு முன்பாக இதை முதல் பொருளாக எடுங்கள். ஒவ்வொரு கிளையும் இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளின் காரியத்துக்கு இவர்களிடம் வரலாம் என்று லைன் முழுவதும் அறிவிக்கட்டும். சங்க நிர்வாகி மீதே புகார் வந்தாலும் அவர்கள் 1098-க்குச் சொல்லத் தயங்கக்கூடாது. அதைத் தடுப்பவருக்குச் சங்கத்தில் இடமில்லை.

வாளையாறில் 50 நாட்கள் வீணாயின. நம் லைன்களில் ஒரு நாளும் வீணாகக்கூடாது.