பால்வாடிக்குப் புது டீச்சர் வந்திருக்காங்களா?

உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பால்வாடி இருக்குமே... கடைசியாக எப்போது அதற்குள் எட்டிப் பார்த்தீர்கள்? போலியோ சொட்டு மருந்து போட்ட அன்றைக்கா?

தப்பாக நினைக்காதீர்கள். நானும் அப்படி இருந்தவள்தான். கன்னிவாடி பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஊருக்கு என் அக்கா மகள் அங்கன்வாடிப் பணியாளராகப் போனபோதுதான் முதல் தடவையாக உள்ளே போய் உட்கார்ந்தேன். ரிஜிஸ்டரில் 23 பிள்ளைகள். பாயில் உட்கார்ந்திருந்தது 7!

"சித்தி, சுவத்துக்கு பெயின்ட் அடிச்சு யானை, முயல் எல்லாம் வரைஞ்சா பிள்ளைங்க வருமா?" என்று கேட்டாள் அவள்.

வராது. பெயின்ட் கடைசியில் அடித்துக்கொள்ளலாம். நொடித்துப் போன பால்வாடிக்குப் புதிதாகப் பொறுப்பேற்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, வந்த 7-ஐ 7 என்றே எழுதுவது. 20 என்று எழுதிவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு இந்த மையத்தில் குறையே தெரியாது. குறை தெரியாத இடத்துக்கு உதவி எப்படி வரும்?

அடுத்தது, ஆயாவிடம் போய் உட்கார்வது. டீச்சர்கள் மாறுவார்கள், ஆயா அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் மாமியார் பேச்சுதான் நடக்கும், எந்தப் பிள்ளை வயிற்றுப்போக்கில் கிடக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. "டீச்சரு, இப்பப் போனா அந்த வீட்ல யாரும் இருக்க மாட்டாக. காட்டு வேலைக்குப் போனவ பொழுதடைஞ்சுதான் வருவா" என்று அவர் சொன்ன பிறகுதான் என் அக்கா மகள் சாயங்காலத்தில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். அது வரை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள், பாவம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எடை! மெஷின் மூலையில் தூசி படிந்து கிடந்தால் அந்த மையம் வெறும் சாப்பாட்டுக் கூடம். பிள்ளை மெலிந்துவிட்டது என்று நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எடை சொல்லிவிடும். ஆனால் ஒரு தடவை போட்ட எடை அதிகம் பேசாது. மாதாமாதம் போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, கோடு மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்கு மேல் பிள்ளை வருடத்துக்குச் சுமார் 2 கிலோ ஏற வேண்டும். இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்தே கிடந்தால், அட்டையில் பச்சைப் பகுதியிலேயே இருந்தாலும், ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சளி, காய்ச்சல், பூச்சி, இல்லை வீட்டில் சாப்பாடு பற்றாக்குறை... எது என்று அம்மாவிடம் பேசினால்தான் தெரியும்.

இது நம்ம பக்கத்துப் பழக்கம்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் உலக வங்கிக் கடனோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் தொடங்கியது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அப்போது கன்னிவாடியும் மதுரை மாவட்டம்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, ஏறாத பிள்ளைக்கு 90 நாள் இணை உணவு கொடுத்தார்கள். கடுமையான ஊட்டக்குறைவு நன்றாகவே குறைந்தது. செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை, அந்தந்த ஊர்ப் பெண்கள்!

"அதெல்லாம் சரி, பால்வாடியில ஏ பி சி டி சொல்லித் தர்றாங்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2019-ல் அரசுப் பள்ளி வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு டை கட்டி, வேனில் ஏற்றி, டிபன் பாக்ஸில் பிஸ்கெட் வைத்து அனுப்புகிறோமே, அந்தப் பிள்ளையைக் கடைசியாக எப்போது எடை போட்டோம்? பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

அந்த 16 பிள்ளைகள் எங்கே போனார்கள்? சிலர் அந்த வேனில். மற்றவர்கள், அம்மா விடியும் முன் மில் பஸ் ஏறிவிடுவதால், பாட்டியோடு. மையம் திறக்கும்போது கூட்டிவர வீட்டில் ஆளில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. 2017-ல் திருத்திய பேறுகாலப் பயன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது. உங்கள் வீட்டில் யாராவது மில்லிலோ கம்பெனியிலோ அதிகாரியாக இருந்தால், இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்களேன், "நம்ம இடத்துல காப்பகம் இருக்கா?" என்று.

பால்வாடி நொடித்ததில் நமக்கும் பங்கு உண்டு என்பேன். நம்ம வீட்டுப் பிள்ளை அந்தப் பாயில் உட்காருவதில்லை. அதனால் குழாய் உடைந்தாலும், கழிப்பறைக்குக் கதவு இல்லாவிட்டாலும் நமக்கு உறுத்துவதில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் நாம். கேட்காமல் இருப்பவர்களும் நாமே. முழு நாளும் அனுப்ப மனசு வராவிட்டால், எடை போடும் நாளிலாவது உங்கள் பேரனைத் தூக்கிக்கொண்டு போங்கள். காசு கிடையாது. தடுப்பூசி விபரமும் கேட்டு வரலாம்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். பாயில் 13 பேர். சுவரில் இன்னும் யானை வரவில்லை. இரண்டு மாதமாக அசையாமல் இருந்த ஒரு பெண் குழந்தைக்கு அன்றைக்கு 300 கிராம் கூடியிருந்தது. மெஷினை நம்பாமல் ஆயா மறுபடியும் முள் சைபரில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ போடு டீச்சரு" என்றார். போட்டாள். அதே 300.