நீந்துவதை நிறுத்தினால் மனச்சோர்வா? எலிகளின் ‘நீச்சல் சோதனை’ ஏன் கைவிடப்படுகிறது?

ஒரு கண்ணாடி உருளை. அதில் கால் எட்டாத ஆழத்துக்குத் தண்ணீர். அதற்குள் ஒரு சுண்டெலியை விடுகிறார்கள். ஏறி வெளியே வர வழி கிடையாது. முதலில் எலி சுற்றிச் சுற்றி நீந்துகிறது, சுவரைப் பிராண்டுகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசைவு குறைந்து, மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு மிதக்க ஆரம்பிக்கிறது. 6 நிமிடம் முடிந்ததும் எடுத்து, துடைத்து, கூண்டில் விடுகிறார்கள். கடைசி 4 நிமிடத்தில் எத்தனை விநாடி சும்மா மிதந்தது என்பதுதான் கணக்கு.

இதுதான் ‘ஃபோர்ஸ்டு ஸ்விம் டெஸ்ட்’, அதாவது கட்டாய நீச்சல் சோதனை. டிப்ரெஷன் எனப்படும் மனச்சோர்வுக்கான மருந்து ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் பயன்படுத்தப்பட்டது. இப்போது ஒவ்வொரு நாடாகக் கதவைச் சாத்துகின்றன.

ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மனச்சோர்வின் மாதிரியாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023ல் அறிவித்தது. அந்நாட்டின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024ல் சட்டம் போட்டே தடை செய்தது. இதை முழுமையாக ஒழிப்பதே இலக்கு என்று பிரிட்டன் அரசும் அதே ஆண்டு சொன்னது. ஃபைசர், ரோச், ஜான்சன் அண்ட் ஜான்சன் போன்ற பெரிய மருந்து நிறுவனங்கள் அதற்கு முன்பே விலகிவிட்டன.

அப்படி என்னதான் பிரச்சினை?

எங்கே தொடங்கியது?

1977ல் பிரான்சில் வேலை பார்த்த ரோஜர் போர்சோல்ட்டும் அவரது குழுவும் இந்த முறையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பெரிய எலிகளை முதல் நாள் 15 நிமிடமும், மறுநாள் 5 நிமிடமும் தண்ணீரில் விட்டார்கள். அப்போது புழக்கத்தில் இருந்த மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்தபோது, எலிகள் மிதக்கும் நேரம் குறைந்தது.

எலி மிதப்பதை நம்பிக்கை இழந்துபோன நிலை என்று அவர்கள் விளக்கினார்கள். செலவு குறைவு, ஓரிரு நாளில் முடிவு. புதுப்புது வேதிப்பொருட்களைச் சலித்துப் பார்க்க மருந்து நிறுவனங்களுக்கு இது வசதியாகிப் போனது.

மிதக்கிற எலி சோர்ந்துவிட்டதா, கற்றுக்கொண்டதா?

சிக்கலே இந்த விளக்கத்தில்தான். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்த பிறகும் கைகாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் வீணாகப் போவது சக்திதான். மிதந்தால் சக்தி மிச்சம். அப்படியானால் அந்த எலி புதிய சூழலைப் புரிந்துகொண்டு தன்னை மாற்றிக்கொள்கிறது என்றும் சொல்லலாம் அல்லவா? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்க் மொலென்டைக்கும் ரான் டி க்ளோயட்டும் 2015ல் இதைத்தான் வாதிட்டார்கள். ஒரே அசைவின்மையை ஒருவர் ‘விரக்தி’ என்கிறார், இன்னொருவர் ‘கற்றல்’ என்கிறார்.

இரண்டாவது சிக்கல், நேரம். இன்று அதிகம் எழுதிக் கொடுக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் மனிதர்களிடம் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். சோதனையிலோ ஓரிரு டோஸிலேயே ‘பலன்’ தெரிந்துவிடும். போதாக்குறைக்கு, ஆரம்பத்தில் இருந்த வடிவத்தில் இந்தச் சோதனை அதே எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளைச் சரியாக அடையாளம் காணத் தடுமாறியது. நீந்துவதையும் சுவரில் ஏற முயல்வதையும் தனித்தனியாக எண்ணத் தொடங்கிய பிறகே நிலைமை சரியானது.

தண்ணீரில் விட்டாலே தப்பா?

அப்படிச் சொல்ல முடியாது. 1981ல் ரிச்சர்ட் மோரிஸ் அறிமுகப்படுத்திய ‘மோரிஸ் வாட்டர் மேஸ்’ சோதனையிலும் எலி நீந்தத்தான் செய்கிறது. ஆனால் கலங்கலான தண்ணீருக்கு அடியில் ஒரு மேடை ஒளிந்திருக்கும். அறையில் உள்ள அடையாளங்களை வைத்து எலி அதைக் கண்டுபிடித்து ஏறிக்கொள்ளலாம். நாளுக்கு நாள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால், இடத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே கேள்வியும் அளவீடும் பொருந்துகின்றன. நீச்சல் சோதனையில் விநாடிகளை எண்ணிவிட்டு, அதற்கு மனநோயின் பெயரை வைத்துவிட்டார்கள்.

எலி மட்டும்தான் காரணமா?

எலிகளை வைத்துச் செய்யும் நடத்தை ஆய்வுகளில் அறையும் ஆளும்கூட முடிவை மாற்றலாம். 1999ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மூன்று ஆய்வகங்கள், ஒரே மரபணு வகை சுண்டெலிகள், ஒரே மாதிரி கருவிகள் என எல்லாவற்றையும் ஒத்துப்போகும்படி அமைத்துச் சோதித்தன. அப்படியும் சில முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. 2014ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு, ஆண்கள் போட்டிருந்த டி-ஷர்ட்டைப் பக்கத்தில் வைத்தாலே எலிகளுக்குப் பதற்றம் கூடுவதைக் காட்டியது.

மாற்று என்ன?

சர்க்கரைத் தண்ணீரையும் சாதாரணத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இனிப்பின் மேல் ஆசை குறைகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. எலி மூக்கால் தொட்டுப் பதில் சொல்லும் டச் ஸ்கிரீன் பெட்டிகளும் உண்டு. 2018ல் வெளியான ‘டீப்லேப்கட்’ போன்ற மென்பொருட்கள், வீடியோவை வைத்தே எலியின் ஒவ்வொரு அசைவையும் பின்தொடர்கின்றன. கூண்டை விட்டு எடுக்காமலே நாள் முழுக்கக் கவனிக்கவும் முடிகிறது.

ஆனால் இவற்றில் எதுவும் மனச்சோர்வை அப்படியே காட்டிவிடாது. குற்றவுணர்வையோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணத்தையோ எலியிடம் கேட்டறிய வழியில்லை. நீச்சல் சோதனையை முழுசாக விட மனமில்லாத ஆய்வாளர்களின் வாதமும் இங்கிருந்துதான் வருகிறது. இது நோயின் மாதிரி இல்லைதான், ஆனால் மூளையில் வேலை செய்யும் மருந்துகளை வேகமாக வடிகட்ட உதவுகிறதே என்கிறார்கள்.

இந்தியாவில் எலிகளை வைத்து ஆய்வு செய்ய, அந்தந்த நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். புதிய மருந்துகளுக்கான விதிகள் 2023ல் திருத்தப்பட்டு, செல்கள், கணினி மாதிரிகள் போன்ற விலங்கில்லா முறைகளுக்கும் இடம் தரப்பட்டது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். உலகில் 28 கோடிக்கும் அதிகமானோர் மனச்சோர்வுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுக்குத் தரப்படும் மருந்துகள், எலிச் சோதனையோடு நிற்காமல் மனிதர்களிடமும் பரிசோதிக்கப்பட்ட பிறகே அனுமதி பெற்றவை. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாற்றம் வேண்டுமென்றால் மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

கவனிக்க வேண்டியது அடுத்த முறை வரும் தலைப்பை. ‘எலிகளின் மனச்சோர்வைப் போக்கிய புதிய மருந்து’ என்று செய்தி வந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அந்த எலிக்கு மனச்சோர்வு என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? பதில் ‘சில விநாடிகள் கூடுதலாக நீந்தியது’ என்பதாக இருந்தால், ஷேர் பண்ணுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கலாம்.