சாட்டை ஒருவர் முதுகில், பயம் எல்லாருக்கும்



"சும்மா இருந்து பெனிபிட் எடுக்கிறவையைக் கொஞ்சம் இறுக்கினால்தான் வேலைக்குப் போவினம்." இந்தக் கதையை வெஸ்ட்மின்ஸ்டரிலும் கேட்கலாம், எங்கட கலியாண வீடுகளிலும் கேட்கலாம். இரண்டு இடத்திலும் அது பொய்.

பிரிட்டனில் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் ஒருவர் வாரத்துக்கு 35 மணிநேரம் வரை வேலை தேட வேணும். தேடினதைக் காட்டவும் வேணும். தவறினால் 'சாங்ஷன்'. 25 வயதான, அதற்கு மேற்பட்ட தனி ஆளுக்கு அடிப்படைத் தொகை 2025 ஏப்ரலில் மாதம் 400 பவுண்ஸ்தான். அது முழுதாகவே வெட்டப்படலாம். சாப்பாட்டுக்கு வழியில்லை என்று கெஞ்சினால் அரசு கொஞ்சம் தரும், அதுவும் கடனாக. தண்டனைகளில் மிகப் பெரும்பாலானவை ஜொப் சென்டர் சந்திப்புக்குப் போகாததற்காக விழுபவை. வேலையை மறுத்ததற்காக விழுவது மிகச் சொற்பம்.

சரி, தண்டித்தால் வேலை கிடைக்குதா? வேலை, ஓய்வூதியத் திணைக்களமே இதை ஆராய்ந்தது. முடிவை வெளியிட மறுத்து, தகவல் ஆணையர் உத்தரவிட்ட பிறகு 2023 ஏப்ரலில்தான் வெளியே விட்டது. தண்டிக்கப்பட்டவர்கள் வேலைக்குப் போகக் கூடுதல் காலம் எடுத்தார்கள். போனபோதும் குறைவாகத்தான் உழைத்தார்கள்.

காசாவது மிச்சமா? தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2016 இல் சொன்ன கணக்கைப் பாருங்கோ: 2015 இல் வெட்டிய தொகை 132 மில்லியன் பவுண்ஸ். நிபந்தனைகளைக் கண்காணிக்க மட்டும் வருசத்துக்கு 200 மில்லியன் அளவில் செலவு.

அப்ப ஏன் இதை விடாமல் பிடிச்சிருக்கினம்? சாட்டை ஒருவர் முதுகில் விழ, பயம் வேலை செய்யிற எல்லாருக்கும் போய்ச் சேருது. 2014 இல் அமைச்சர் எஸ்தர் மெக்வே வெளிப்படையாகவே எழுதினார்: மணிநேர உத்தரவாதமே இல்லாத வேலையை மறுத்தாலும் யூனிவர்சல் கிரெடிட்டில் தண்டனை வரலாம். கடையிலும் பெற்றோல் செட்டிலும் கிளீனிங்கிலும் நிற்கிற எங்கட ஆக்களைப் பார்த்து "விருப்பமில்லையெண்டால் போ" என்று முதலாளி சொல்லுகிற தைரியம் இங்கிருந்துதான் வருது. யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவரில் மூன்றில் ஒருவர் அளவில் ஏற்கெனவே வேலை செய்பவர். சம்பளம் போதாததால் அரசு நிரப்புது. திட்டு மட்டும் தொழிலாளிக்கு.

இது புதுசும் இல்லை. 1834 ஏழைச் சட்டத்தின் கொள்கையும் இதுதான்: உதவி பெறுபவரின் நிலை, ஆகக் கீழ்மட்டக் கூலியாளின் நிலையை விட மோசமாக இருக்க வேணும். அன்றைக்கு ஏழைகளை அடைத்த வேலைவிடுதி. இன்றைக்கு ஜொப் சென்டர்.

அம்மா அப்பாவுக்கு வரும் கடிதங்களை மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தத் தொழிலை இப்ப அரசியலாக்குவோம். சாங்ஷன் கடிதம் வந்தவரைத் தனிய விடாதையுங்கோ. மறுபரிசீலனை கேட்கலாம், மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஜொப் சென்டர் ஊழியரின் பிசிஎஸ் தொழிற்சங்கமே சாங்ஷனை எதிர்க்குது. அவர்களோடு சேர்ந்து நிற்போம். அடுத்த கலியாண வீட்டில் அந்தக் கதை வந்தால், சிரிச்சுச் சமாளிக்காமல் 132ஐயும் 200ஐயும் சொல்லுங்கோ.

சாங்ஷனைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது போதாது. அதை ஒழிக்க வேணும்.