முகாம் ஆண்டுக்கு ஒருமுறை, அடை மூன்று முறை: நாட்டுக்கோழிக் குஞ்சுகள் ஏன் தப்புவதில்லை?

2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்களில் பறவைக்காய்ச்சல் உறுதியானது. உடனே நம் மாநில எல்லையில் கோழி, முட்டை ஏற்றிவரும் வண்டிகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் நாள் முழுதும் அதுவே செய்தி. கறிக்கடைக்குப் போகலாமா, முட்டை சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்டார்கள்.

நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் அதே பிப்ரவரி மாதத்தில்தான் கால்நடை பராமரிப்புத் துறையின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் நடக்கிறது. அதைப் பற்றி நாளிதழில் நான்கு வரி வந்தால் பெரிது. ஆனால் செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல் போன்ற ஊரில் பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, எல்லைச் சாவடியை விட இந்த நான்கு வரிச் செய்திதான் முக்கியம். பறவைக்காய்ச்சல் இந்தப் பக்கம் வரலாம், வராமலும் போகலாம். வெள்ளைக்கழிச்சல் வெயில் ஏறும்போதெல்லாம் வந்துகொண்டே இருக்கிறது.

புறக்கடைக் கோழியை இன்று சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது. 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை சுமார் 46 சதவீதம் உயர்ந்திருந்தது. பண்ணைக்கோழிகளின் உயர்வு 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மொத்தக் கோழி எண்ணிக்கையில் தமிழ்நாடு 12 கோடிக்கும் மேல் காட்டி நாட்டில் முதலிடத்தில் இருந்தது. தறி நெய்யும் வீட்டிலும் சரி, நெல் நடும் வீட்டிலும் சரி, கைச்செலவுக்கு உடனே பணமாகும் சொத்து கோழிதான். அந்தச் சொத்து ஒரே வாரத்தில் கொட்டிலோடு காலியாவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

எங்கே ஓட்டை விழுகிறது?

வெள்ளைக்கழிச்சலுக்குப் புத்தகத்தில் இராணிக்கேட் நோய் என்று பெயர். இன்றைய உத்தராகண்டில் உள்ள ஒரு மலை ஊரின் பெயர் அது. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்ட இந்த நோய், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே கண்டறியப்பட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், இறக்கை தொங்குதல், பிழைத்ததில் சில கழுத்து முறுக்கிக்கொண்டு திரிதல் என அதன் அறிகுறிகள் உங்களுக்குத் தெரியும். வைரஸ் நோய் என்பதால் வந்த பின் குணமாக்கும் மருந்து இல்லை. கீழாநெல்லி, சீரகம், மிளகு, பூண்டு, மஞ்சள் சேர்த்த உருண்டை கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதைத் தடுப்பூசிக்கு மாற்றாக நம்ப வேண்டாம்.

தடுப்பூசியோ நம்மிடம் தாராளமாக இருக்கிறது. 1932 முதல் இயங்கும் இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரிக்கிறது. முகாமில் கட்டணம் இல்லாமல் போடுகிறார்கள். பிறகும் குஞ்சுகள் ஏன் சாகின்றன?

வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முகாமில் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே போடும் ஆர்.டி.வி.கே. ஊசி எட்டு வாரம் நிறைந்த கோழிக்கு உரியது. அதில் உள்ள வைரஸ் ஓரளவு வீரியம் உடையது. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் காலிழுப்பு வரலாம், சாகவும் செய்யலாம். எனவே பிப்ரவரியில் ஐந்து வாரக் குஞ்சு வைத்திருப்பவருக்கு அந்த முகாமால் பயன் இல்லை. மார்ச்சில் பொரிக்கும் குஞ்சுக்கும் இல்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று முறையாவது முட்டையிட்டு அடைக்கு உட்காருகிறது. முகாம் ஒருமுறைதான் வருகிறது. நம் ஊர்களில் பலர் பொங்கல் கழிந்துதான் அடை வைக்கிறார்கள். தை முதல் நாள் வைத்த முட்டை பிப்ரவரி முதல் வாரத்தில் பொரிக்கும். அந்தக் குஞ்சுக்கு எட்டு வாரம் நிறையும்போது ஏப்ரல் வந்துவிடும், முகாம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். தடுப்பூசி இல்லாத விடைக்கோழியாக அது கத்திரி வெயிலுக்குள் போகிறது.

அரசுத் திட்டத்தில் வரும் குஞ்சுக்கும் இதே சிக்கல்தான். ஏழைப் பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டினக் குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில், ஒன்றியத்துக்கு 100 பேர் என்ற அளவில் அண்மை ஆண்டுகளில் கொடுத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களுக்கும் சேர்த்தால் 20,000 குஞ்சுகள். நல்ல திட்டம். விளக்குச்சூட்டில் வைத்துக் காப்பாற்றும் முதல் நான்கு வாரத்தை அரசே முடித்துக் கொடுக்கிறது. ஆனால் அடுத்த நான்கு வாரம் உங்கள் கையில் இருக்கிறது. எட்டாம் வார ஊசிக்கு யாரும் வீடு தேடி வருவதில்லை. குஞ்சை வாங்கும் அன்றே, ‘என்னென்ன தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறீர்கள், எந்தத் தேதியில், அடுத்தது எப்போது?’ என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஒரு குப்பியும் பன்னிரண்டு குஞ்சுகளும்

குஞ்சுக்குக் கொடுக்க வேண்டியது வேறு மருந்து. பொரித்த ஏழாம் நாள் எஃப்-1 அல்லது லசோட்டா, கண்ணில் ஒரு சொட்டு. நான்காம் வாரத்தில் லசோட்டா மீண்டும் ஒருமுறை. எட்டாம் வாரத்தில் ஊசி. இந்த அட்டவணை எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. கிராமத்தில் இதை யாரும் செய்வதில்லை என்பதற்குச் சோம்பல் காரணம் அல்ல. சின்னக் குப்பியே 100 டோஸ், 200 டோஸ் என்றுதான் வரும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஒரு வீட்டில் இருப்பதோ பன்னிரண்டு குஞ்சு. மீதியைக் கீழே கொட்ட யாருக்கு மனம் வரும்?

இதற்கு என் யோசனை: தெருவில் எட்டு, பத்து வீடுகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அடை வையுங்கள். கோழி ஒரே நாளில் அடைக்கு உட்காராது, உண்மைதான். ஆனால் அடைக்கு வந்த கோழியை இரண்டு மூன்று நாள் கூமுட்டை மேல் உட்கார வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் தயாரானதும் நல்ல முட்டையை மாற்றி வைக்கலாம். ஐந்தாறு நாள் முன்பின்னாகப் பொரித்தாலும் முதல் சொட்டு மருந்துக்குப் பாதகமில்லை. பத்து வீட்டில் பத்துக் குஞ்சு என்றால் ஒரு குப்பி வீணாகாமல் முடிந்துவிடும், செலவும் பத்தாகப் பிரியும். மகளிர் குழு இருக்கும் தெருவில் இதை ஏற்பாடு செய்வது இன்னும் சுலபம்.

எந்த வாரம்? முகாமிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் எட்டு வாரம் நிறைய வேண்டும் என்றால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் பொரிக்க வேண்டும். அதற்கு 21 நாள் முன்பு, அதாவது ஐப்பசி முடிவதற்குள் அடையில் இருக்க வேண்டும். நவம்பர் 12 முதல் 16-க்குள் வைத்தால் டிசம்பர் 3 முதல் 7-க்குள் பொரிக்கும். ஏழாம் நாள் சொட்டு டிசம்பர் இரண்டாம் வாரம், அடுத்த சொட்டு ஆங்கிலப் புத்தாண்டையொட்டி, ஊசிக்கு முகாம் தயாராக இருக்கும். மழைக்காலமாயிற்றே என்று கேட்பீர்கள். காஞ்சிபுரம் பக்கம் அதுதான் இதில் உள்ள சிரமம். குஞ்சு நனைந்தால் சாகும், தரை ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும். ஆனால் ஈரத்தைத் தவிடோ உமியோ பரப்பியும், பஞ்சாரத்தைத் திண்ணைக்கு ஏற்றியும் சமாளிக்கலாம். வெள்ளைக்கழிச்சலை அப்படிச் சமாளிக்க முடியாது. மற்ற மாதங்களில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு எட்டாம் வாரம் கால்நடை மருந்தகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது தெருவே சேர்ந்து கேட்டால் மறுப்பு வராது.

மருந்து போடும் நாளில் எல்லாக் குஞ்சையும் ஒரு திண்ணையில் கூட்டாதீர்கள். ஒரு வீட்டுக் குஞ்சுக்கு நோய் இருந்தால் அங்கேயே பத்து வீட்டுக்கும் பங்கு வைத்ததாகிவிடும். பனிக்கட்டி போட்ட ஃபிளாஸ்க்கில் மருந்தை வைத்துக்கொண்டு ஒருவர் வீடு வீடாகப் போகட்டும். ஒவ்வொரு வீட்டிலும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மாலை வேளை நல்லது. மருந்தோடு வரும் கரைசலில்தான் கலக்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் மருந்து செத்துப்போகும்.

எடுத்துச் செல்வதில் உள்ள இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியாகவே கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுப் பாருங்கள்.

“ஊசி போட்டதால்தான் செத்தது”

முகாமுக்குப் போனால் தவறாமல் கேட்கும் குறை இது. “போன வருஷம் ஊசி போட்டேன், நாலாம் நாளே எட்டுக் கோழி போச்சு சார்” என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நோய்க்கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய ஐந்தாறு நாளாகும். பக்கத்துத் தெருவில் கோழி சாகத் தொடங்கிய பிறகு பயந்துபோய் ஊசி போட்டால், ஏற்கெனவே கிருமி ஏறிய கோழி ஊசி போட்ட பின்தான் விழும். பழி ஊசி மேல் வரும். சின்ன வயதில் சொட்டு மருந்தே பார்க்காத கோழிக்கு நேராக ஊசி போட்டாலும் ஓரிரண்டு சுணங்கலாம். குடற்புழு நிறைந்த கோழிக்கு ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி சரியாக வராது. முகாமுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுப்பது அதனால்தான்.

நோய் ஊருக்குள் வரும் வழியைப் பார்த்தால், காற்றை விட நம் கைதான் அதிகம் கொண்டுவருகிறது. சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்த சேவலை அன்றே கூட்டத்தில் விடுகிறோம். சீக்கு வந்த கோழியைச் சாவதற்கு முன் விற்றுவிடுகிறோம், இல்லையென்றால் அறுத்துவிட்டு இறகையும் குடலையும் குப்பைமேட்டில் போடுகிறோம். காக்கையும் நாயும் அதை ஊரெல்லாம் பரப்புகின்றன. புதுக்கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். செத்ததைச் சுண்ணாம்பு தூவிக் குழியில் புதையுங்கள். ஆற்றிலோ ஏரியிலோ வீசுவது கீழே உள்ள ஊருக்கு நோயை அனுப்புவதுதான்.

அடை வைக்கும்போது

முட்டையின் வயது எல்லாவற்றையும் விட முக்கியம். குளிர் நாளில் ஏழு நாளுக்குள், வெயில் நாளில் மூன்று நான்கு நாளுக்குள் இட்ட முட்டையை மட்டும் வையுங்கள். ஒரு கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். கூர்முனை கீழே இருக்கும்படி, அரிசிப் பானை மேலோ ஈர மணல் மேலோ குளிர்ந்த இடத்தில் சேமியுங்கள். இடி இடித்தால் கூமுட்டையாகும் என்று இரும்பும் கரித்துண்டும் கூடையில் போடுகிறோம். போடுவதில் நட்டமில்லை. ஆனால் கோடை இடி வரும் நாட்களில் முட்டையைக் கெடுப்பது அந்த மாதத்து வெப்பம். 21 டிகிரி செல்சியசுக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கி, அடை வைக்கும் முன்பே செத்துவிடுகிறது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வைத்துப் பாருங்கள். சிலந்திவலை போல ரத்தநாளம் தெரியாத முட்டையை எடுத்துவிடலாம். அடைக்கு வைக்கும் முன் கோழியின் பேனை ஒழிப்பதும் அவசியம். பேன் கடிக்கும் கோழி அடையை விட்டு எழுந்துவிடும்.

மாகறல் கோயிலில் சிவலிங்கம் உடும்பின் வால் வடிவில் இருப்பதாகச் சொல்வார்கள். கோழி வளர்ப்பவர்களுக்கோ உடும்பு முட்டைத் திருடன். அதைப் பிடிப்பதும் அடிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், எனவே அடைக்கூடையைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைப்பதுதான் வழி.

பறவைக்காய்ச்சலா என்ற சந்தேகம் வந்தால்

வெள்ளைக்கழிச்சலையும் பறவைக்காய்ச்சலையும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. உறுதி செய்வது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம். ஆனாலும் ஓரிரு நாளில் கூட்டமாகச் செத்தால், கொண்டை நீலமாகி முகம் வீங்கினால், பக்கத்தில் காக்கையோ வாத்தோ சேர்ந்து செத்தால், சந்தேகப்படுங்கள். அந்தக் கோழியை அறுக்காதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் பறவைக்காய்ச்சலால் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பச்சைக் கோழிக்கறியை வாயில் போட்டதாகச் செய்திகள் சொல்லின. நன்றாக வேகவைத்த கறியிலும் முட்டையிலும் இந்தப் பயம் இல்லை.

தகவல் சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் அழிப்பார்கள், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள் என்பது உண்மை. அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே செத்துப்போன கோழிக்கு இல்லை. மறைக்கிற ஒவ்வொரு நாளும் இழப்பீட்டுக் கணக்கில் கோழி குறைகிறது. கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ அழைக்கும்போது எத்தனை கோழி இருந்தது, எத்தனை செத்தது, முதல் கோழி எந்த நாளில் செத்தது, கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்ற நான்கையும் சொல்லுங்கள். மருத்துவர் வரும்வரை மிச்சக் கோழிகளைத் திறந்துவிடாமல் அடைத்தே வையுங்கள்.